மெயினைத் தொட்ட நாள்

ஆடி 20, செவ்வாய். ஸ்ரீரங்கம்.

இன்று ஜெயித்துவிட்டேன். எங்கள் ஆலையில் கொதிகலன் வெப்பத்தைப் பதியும் பழைய புரோகிராம் மூன்று வாரமாக மக்கர் செய்தது. ஓடும்போதே புது சென்சாரின் லைப்ரரியை, அதாவது அதைப் படிக்க உதவும் துணை நிரலை, ஏற்றினால் அப்படியே உறைந்துவிடும். எல்லோரும் லைப்ரரியைத்தான் திட்டினோம், நானும்தான். மெயின் புரோகிராமை, அதாவது அந்தப் பழையதை, யாரும் சந்தேகப்படவில்லை. ஓடுவதைத் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம்.

குற்றவாளி அதுதான். ஒரே புரோகிராமுக்குள் பல வேலைகளைச் சேர்ந்தாற்போல் ஓட்டும் த்ரெட் என்றால் என்னவென்றே தெரியாமல் தனியாளாகக் கிளம்புகிறது. லைப்ரரியோ உள்ளே வந்ததும் நாலைந்து த்ரெட்களைக் கிளப்புகிறது. ஆலைக் கணினியில் இருக்கும் பழைய லினக்ஸ் இயங்குதளத்தில், பாதி வழியில் வரும் கூட்டத்துக்கு மெயின் தயாராக இருப்பதில்லை. த்ரெட் வசதியைத் தொடக்கத்திலேயே சேர்த்து மெயினை மறுபடி லிங்க் செய்தேன், அதாவது துண்டுகளைக் கோத்து ஓடும் வடிவமாக்கினேன். மாலை நாலு மணிக்கு ஓடத் தொடங்கியது, நிற்கவே இல்லை.

மேலாளர் பதறிப்போனார். "மெயினையா தொட்டீங்க?"

"கோடுல ஒரு வரிகூட மாத்தலை சார். லிங்க் பண்ற கமாண்டுல ஒரே ஒரு வார்த்தை சேர்த்தேன், அவ்வளவுதான்."

திரையில் வெப்ப அளவுகள் பதிவாவதைச் சரிபார்த்தார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, "இனிமே இதை யாரும் தொடாதீங்க" என்றார்.

காவேரிப் பாலம் தாண்டும்வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். அதே பழைய சட்டம்தான். இன்றிலிருந்து அது என் வேலையைக் காவல் காக்கிறது.