வெளியூரான்

1617, ஆகஸ்ட் 24, பர்த்தலமேயு திருநாள்

ஸ்பானியர்களின் பொத்தோசி மலைக்குக் கட்டாய வேலையாள் எழுதும் காலம் வந்துவிட்டது. ஊரின் எழுத்தர் நான்தான். வெள்ளி வெட்ட இந்த ஆண்டும் பதினேழு பேர் வேண்டுமாம். நூற்றிருபது ஆண்கள் இருந்த காலத்தில் போட்ட கணக்கு அது. இப்போது ஐம்பது பேர் தேறுவோமா? ஏழு வருடத்துக்கு ஒருமுறை போனால் போதும் என்பது சட்டம். அண்ணன் பல்தசார் போய்வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. இருமல் இன்னும் நிற்கவில்லை. அதற்குள் மறுபடி அவன் முறை.

ஆகஸ்ட் 27

எழுதிவிட்டேன். அவன் பெயருக்கு எதிரே "வெளியூரான்". வெளியூர்க்காரர்களை மலை கேட்பதில்லை. முழுப் பொய்யும் இல்லை — ஏரிக்கு அக்கரையில் சந்தைக்குப் போன இடத்தில் அம்மாவுக்கு வலி கண்டு, அங்கேதான் பிறந்தான். ஸ்பானிய அதிகாரி தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே ஒரு சொல்! என் பேனாவை நினைத்து எனக்கே பெருமை.

எண்ணிக்கை குறையக்கூடாதே. அண்ணன் இடத்தில் மார்த்தின் சிர்பா போகிறான். அவன் வீட்டில் கைக்குழந்தை. அதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 9

அண்ணன் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போனானாம். மார்த்தின் பெண்டாட்டி வழிமறித்து, "ஐயா வெளியூர்க்காரரே, எந்த ஊரு உங்களுக்கு? இங்க தண்ணி மொள்ள யாரைக் கேட்டீங்க?" என்றாளாம். ஓடையே சிரித்ததாம். வெறும் குடத்தோடு திரும்பியிருக்கிறான்.

"அவ கெடக்கறா, விடுண்ணே," என்றேன். அண்ணன் இருமினான்.

செப்டம்பர் 21

விதைப்புக்கு நிலம் பிரிக்கும் நாள். ஊர்த்தலைவர் தோன் பெலிப்பே கயிறு பிடித்து வீடு வீடாக அளந்து கொடுத்தார். அண்ணன் வீடு வந்ததும் தாண்டிப் போய்விட்டார். ஓடிப்போய்க் கேட்டேன்.

"நான் என்னப்பா பண்ண? அதிகாரி கையில நீ எழுதுன பட்டியல் இருக்கு. வெளியூரானுக்கு ஏது நிலம்? ஆட்டுப்பண்ணை போட ஒரு ஸ்பானியன் அதக் கேட்டுட்டு நிக்கிறான்."

அண்ணி இனேஸ் விதைக்கிழங்கு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று பிள்ளைகள். ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்? ஒத்தச் சொல்லு, ஒத்தச் சொல்லுன்னு குதிச்சேனே!

அக்டோபர் 2

அண்ணன் வந்தான்.

"வேற தாள்ல மாத்தி எழுதுடா. இந்த ஊர்க்காரன்னு எழுது."

"எழுதினா மலைக்குப் போகணும்ணே. இந்த நெஞ்ச வச்சுக்கிட்டா?"

"நிலம் இன்னும் கைமாறல. இனேசுக்கு நிக்கும். மார்த்தினும் வீட்ல இருப்பான்."

முடியாது என்றேன்.

"அப்ப நானே போய் அதிகாரிகிட்ட சொல்றேன். உன் முதுகுத் தோலு உரியும், பரவால்லயா?"

எழுதினேன். மை சிந்தியது. பழையதில் பிழை என்று சொல்லிப் புதுத் தாளை அதிகாரியிடம் கொடுத்தேன்.

அக்டோபர் 20

போனார்கள். மேளம், குழல், அழுகை. பொதி சுமக்கும் லாமா ஆடுகளின் முதுகில் உலர்கிழங்கு மூட்டைகள். மார்த்தின் பெண்டாட்டி ஓடிவந்து அண்ணன் பையில், பசி தாங்க மெல்லும் கோக்கா இலையைத் திணித்தாள்.

"என்னம்மா, எந்த ஊருன்னு கேக்கலியா இன்னிக்கு?" என்றான் அண்ணன்.

அவள் பையின் வாயை இழுத்துக் கட்டினாள்.

1618, மார்ச் 3

மழை. அண்ணன் நிலத்தில் கிழங்குச் செடி பூத்திருக்கிறது. மலை வெள்ளி கடல் தாண்டி எங்கெங்கோ போகிறதாம். நான் இதுவரை ஒரு வெள்ளிக் கரண்டியைக்கூடத் தொட்டதில்லை.

ஜூன் 11

பொத்தோசிப் பாதிரியார் ஒருவரிடமிருந்து ஊர்த்தலைவருக்குக் கடிதம். தலைவருக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் உரக்கப் படித்தேன். சுரங்கத்தில் செத்தவன், பெயர் பல்தசார் டிகோனா. ஒரு தாளில் வெளியூரான் என்றும் இன்னொன்றில் உங்கள் ஊரான் என்றும் இருக்கிறது. அடக்கப் புத்தகத்தில் எந்த ஊர் என்று எழுதுவது?

தலைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பதில் எழுதிடுப்பா," என்றார்.

எழுதினேன். எங்கள் ஊர்க்காரன். என் அண்ணன்.