தலைகீழாக நின்ற கிடா

ஸ்ஃபாக்ஸ், ஏப்ரல் 4

என் கண்ணே இனாஸ்,

பாபா எழுதுகிறேன். அல்ஹம்துலில்லாஹ், இங்கே எல்லோரும் சுகம், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி ஷிராஸும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் ஐந்து வேளையும் கேட்கிறோம். மொன்றியாலில் ஏப்ரலிலும் பனி கொட்டுகிறது என்று எங்கோ கேட்டுவிட்டு வந்து உன் அம்மா இரண்டு நாளாக என்னைத் திட்டுகிறாள், ஏதோ நான்தான் அனுப்பி வைத்த மாதிரி. குழந்தைக்குக் காதை மூடிப் போடு. உன் தம்பி அனீஸ் மூன்றாவது தடவையில் ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட்டான், அதிலிருந்து நாங்கள் எங்கே போவதானாலும் நடந்தே போகிறோம்.

ஒரு மாதமாக நான் போனில் சரியாகப் பேசவில்லை என்று கோபித்துக்கொண்டாயாம். கோபம் நியாயம்தான். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன் மகளே. இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அதையும் போனில் சொன்னால் உன் அம்மா நடுவில் புகுந்து முடிவை முதலில் சொல்லிவிடுவாள், அதனால்தான் கடிதம். போன வருஷம் உனக்கு ஒரு கிடாவைப் பற்றிச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? பாலர் பள்ளி ஆசிரியை பஹிஜா எழுதி அவளே படமும் போட்டுக் கொண்டுவந்த புத்தகம். பெருநாளுக்கு வாங்கி மொட்டை மாடியில் கட்டிய கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு மாடிமாடியாக இறங்குகிறது, ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றைத் தின்கிறது, திரைச்சீலை, மல்லிகைக் கொத்து, தூங்குகிற கணக்காசிரியரின் பாதி மீசை. கடைசியில் தெருவுக்கு வந்து ஏப்பம் விடுகிறது, அவ்வளவுதான் கதை. இருபத்தெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிற புத்தகங்களையே திருத்தித் திருத்தி என் முகமே ஒரு அறிவுரை மாதிரி ஆகிவிட்டது, அந்த மீசைப் பக்கத்தைப் பார்த்ததும் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். எனக்கு அதன் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது, மறைப்பானேன். கிடாவின் வால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று பஹிஜாவோடு ஒரு முழு மதியம் சண்டை போட்டேன். உன் அம்மா, ஏய்யா மனுசா, ரெண்டு புள்ள பெத்தப்பகூட நீ இப்படி ஆஸ்பத்திரி வாசல்ல அலையலியே, ஒரு ஆட்டுக்குப் போய் இந்தப் பாடா என்றாள்.

எங்கள் பதிப்பகத்து முதலாளி லஸ்ஆத் மட்டும் அசையவில்லை. எல்லாம் சரி மொன்ஜி, இதுல பாடம் எங்க இருக்கு, பெத்தவங்க கடைசிப் பக்கத்தத்தான் மொதல்ல பாப்பாங்க, அங்க ஒரு நல்ல வார்த்த இல்லேன்னா அச்சே கெடையாது என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் கடைசிப் பக்கத்தில், அண்டை வீட்டாரின் பொருளைத் தொடாதே, தொட்டவன் வெட்கப்படுவான் என்று பெரிய எழுத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். பஹிஜா கிடாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வெட்கப்பட்டவன் நான்தான், அதற்குப் பிறகு வந்த ஒரு மாதம்தான் உன்னிடம் போனில் சரியாகப் பேசாதது.

அதற்கு மேல்தான் இடி. புத்தகக் கண்காட்சி திறந்த அன்று காலையில் பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்தேன், அட்டை அழகாக இருந்தது, திறந்தால் உள்ளே எல்லாம் தலைகீழ். முதலில் கண்ணில் படுவது கடைசிப் பக்கம், அதிலும் கிடா நான்கு காலையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது. எல்லாப் பெட்டியும் அப்படித்தான். நம் பைண்டர் ஷெட்லி அந்த வாரம் முழுக்கப் பிரெஞ்சுப் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தான், அதற்கு முதுகு இடப்பக்கம், வலமிருந்து படிக்கிற நம் அரபுப் புத்தகத்துக்கு வலப்பக்கம், கை போன பழக்கத்தில் நம் கிடாவையும் அதே மாதிரி பிடித்து ஒட்டிவிட்டான். போன் செய்தால், யா மொன்ஜி, என் கை ரெண்டையும் வெட்டிப் போட்ரு என்று அழுகிறான். முதலாளி பேசியது அதைவிடச் சுருக்கம். சாயங்காலம் லாரி வருது, எல்லாத்தயும் காகிதக் கூழுக்கு அனுப்பு, மறுபடி அச்சடிக்கிற பேச்சே வேண்டாம் என்றார். அதாவது என் கிடாவின் கதை அன்றோடு முடிந்தது.

நான் எடுத்துவைக்க வேண்டும், எனக்குக் கை வரவில்லை. மேசையில் கிடந்த ஒன்றை ஒரு ஐந்து வயதுச் சிறுமி எடுத்தாள். திறந்தாள், முகத்தைச் சுளித்தாள், புத்தகத்தைத் திருப்பவில்லை இனாஸ், தன் தலையைத் திருப்பினாள், பிறகு அதைப் பின்னால் தரையில் விரித்து வைத்துக் குனிந்து கால்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள். பின்னால் நின்ற இன்னொருத்தி அதையே செய்தாள். மதியத்துக்குள் எங்கள் கடை முன்னால் நடக்க இடமில்லை, குப்புற ஒன்று, மல்லாக்க ஒன்று, புத்தகத்தைச் சுற்றிக்கொண்டு தானும் சுற்றுவது ஒன்று. மீசைப் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு கூச்சல். அண்டை வீட்டார் அறிவுரையை எவரும் படிக்கவில்லை, அதுதான் தலைகீழாக நிற்கிறதே.

லாரியோடு முதலாளியும் வந்தார், முகம் மழைக்கு முந்தின வானம் மாதிரி. அந்த நேரம் பார்த்து அந்தச் சிறுமியின் அப்பா அவளிடம், சரி, இந்தப் புஸ்தகத்துலேர்ந்து என்ன கத்துக்கிட்ட, சொல்லு என்று கேட்டார். அவள் யோசிக்காமல், தலகீழா நிக்க என்றாள். முதலாளிக்கு முதலில் மீசை ஆடியது, பிறகு தொப்பை, பிறகு பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். லாரியைத் திருப்பி அனுப்பினார். ஷெட்லிகிட்ட சொல்லு, அடுத்த பதிப்பையும் அவன் இஷ்டத்துக்கே ஒட்டட்டும், அந்தக் கடைசிப் பக்க வேதாந்தத்த மட்டும் தூக்கிரு என்றார். நான் கடைக்குப் பின்னால் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன், பஹிஜாவுக்குப் போன் செய்து அந்தச் சிறுமி சொன்னதை அப்படியே சொன்னேன். அன்றுதான் ஒரு மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன், உன் அம்மா கணவாய் மீன் வைத்த கூஸ்கூஸ், இரண்டு தட்டு.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த அப்பா கேட்ட கேள்வி என் கேள்வி. நீ நான்கு வயதில் என் மடியில் உட்கார்ந்து புத்தகக் கதை கேட்பாய், முடிந்ததும் நான் விடமாட்டேன், என்ன கத்துக்கிட்ட என்பேன். நீ இறங்கி அம்மாவிடம் போய்விடுவாய். அப்போது நீ சோம்பேறி என்று நினைத்தேன். மன்னித்துக்கொள் கண்ணே, அது கேட்கக் கூடாத கேள்வி என்று தெரிய எனக்கு இவ்வளவு வருஷம் ஆயிற்று.

பார்சலில் வறுத்த தானியத்தில் அரைத்த பஸீஸா மாவும் பாதாமும் ஹரிஸா மிளகாய் விழுதும் இருக்கின்றன, ஹரிஸாவைப் பிரித்ததும் மேலே எண்ணெய் ஊற்றி வை. கூடவே கிடாவும் வருகிறது, ஷெட்லி ஒட்டியபடியே. ஷிராஸ் கையில் அப்படியே கொடு, நீ திருப்பிக் கொடுத்துவிடாதே. இறைவன் உங்கள் மூவரையும் குளிரிலும் கண் திருஷ்டியிலும் இருந்து காக்கட்டும், உன் வீட்டில் சிரிப்புக் குறையாமல் இருக்கட்டும். மறந்துவிடாதே, படித்து முடித்ததும் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும், இன்னொரு தடவையா என்று.

உன் பாபா,
மொன்ஜி