வராத நோய்க்கு நேர்ந்த காவடி

இன்று மத்தியானம் ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு முள்சீத்தாப்பழம் வந்து இறங்கியிருக்கிறது. உன் பெரியம்மா மகள் டவுன் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாளாம். "புத்துநோய்க்கு இதாண்டி மருந்து, செல்போன்ல போட்டுகினே கீறான். வெறும் வயித்துல துன்னு" என்று சமையல் மேடையில் வைத்தாள். "இரு சித்தி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். பஸ் போய்விடும் என்று ஓடிவிட்டாள். வீடு முழுக்க இப்போது அந்தப் புளித்த வாசனை. இந்த வாசனை மூக்கில் ஏறினாலே எனக்கு உன்மேல் பற்றிக்கொண்டு வருகிறது அம்மா. செத்தவர்களைத் திட்டக் கூடாதாம். உயிரோடு இருந்தபோது என்னைப் பேச விட்டாயா நீ?

எனக்குப் புற்றுநோய் வந்ததே இல்லை. அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நைனாவுக்குத் தெரியும். என் மார்பு என் உடம்புக்கு மிஞ்சிப் பெரிதாக இருந்தது. வலித்தது. அறுவை சிகிச்சை செய்து சிறிதாக்கிக்கொண்டேன். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயம்தானே? அதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. பொய் சொல்ல மட்டும் எப்படித்தான் வந்ததோ, ஆர்.கே.பேட்டை வரைக்கும் போய்ச் சேருகிற மாதிரி சொன்னாய். உண்மை இன்னும் திருத்தணி பஸ் ஸ்டாண்டைத் தாண்டவில்லை.

ஏழாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிட்டாய். "மூடு." அந்த ஒரு சொல்லைத்தான் நீ என்னிடம் அதிகம் பேசியிருப்பாய். பள்ளிக்கூடச் சீருடைமேல் துப்பட்டா, துப்பட்டாவுக்கு இரண்டு தோளிலும் ஊக்கு, நைட்டிமேல் துண்டு. விளையாட்டுக்குப் பெயர் கொடுத்தேன் என்று தெரிந்ததும் நேரே பள்ளிக்கு வந்து பெயரை எடுக்கச் சொன்னாய். "குனிஞ்சு நட, யாரும் பாக்க மாட்டாங்க" என்பது உன் யோசனை. குனிந்தேன். யாரும் பார்க்காமல் இருந்தார்களா என்ன? முதுகு வளைந்ததுதான் மிச்சம்.

அரக்கோணத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபின் அது வேறு வகைப் பாடாகிவிட்டது. காலை முழுக்க மைக்ராஸ்கோப்பின்மேல் குனிந்திருந்துவிட்டு எழுந்தால் கழுத்து திரும்பாது. உள்ளாடைப் பட்டை இரண்டு தோளிலும் பள்ளம் பறித்திருந்தது, விரல் வைத்தால் பதியும். சித்திரை வெயிலில் மார்புக்குக் கீழே வேர்த்து வேர்த்துத் தோல் வெந்து போய், பவுடர் போட்டால் எரியும். ரயிலில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பேன், எதிரே நிற்பவனின் கண் எங்கே போகிறது என்று பார்த்தபடி. இதையெல்லாம் உன்னிடம் சொன்னேன். பிள்ளையாரிடம் சொன்னாலாவது ஒரு பூ விழுந்திருக்கும்.

"எனக்குந்தான் கீது. நான் இன்னா அறுத்துகினனா?" என்றாய்.

அந்தக் கேள்வியிலேயே நின்றாய். உனக்கு வலித்ததா என்று கேட்டால், கல்யாணமாகிக் குழந்தை பிறந்தால் தானாக இறங்கிவிடும் என்றாய். சென்னையில் டாக்டரம்மாவிடம் போனபோது, பின்னால் தாய்ப்பால் கொடுக்க முடியலாம், முடியாமலும் போகலாம், உறுதி சொல்ல முடியாது என்று அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாய். திரும்பி வரும் ரயிலில் திருவள்ளூர் தாண்டும் வரை, "பச்சப்புள்ள பசிக்கு அழுமேடி, இன்னா குடுப்ப?" என்று மூக்கைச் சிந்தினாய். பிறக்காத குழந்தையின் பசி உனக்குக் கேட்டது. பெற்று வளர்த்த பிள்ளை பக்கத்து சீட்டில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணில் படவில்லை.

கூட ஒரு ஆள் தங்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டாய். "சரி, நைனாவ கூட்டிகினு போறேன்" என்றேன். உடனே பையை எடுத்தாயே, அப்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது. அறுவைக்கு முன்னால் டாக்டரம்மா என்னை நேராக நிற்க வைத்து மார்பில் பேனாவால் கோடு போட்டார். எங்கே வெட்டுவது, காம்பு எந்த உயரத்துக்கு வர வேண்டும் என்று அளந்து அளந்து குறித்தார். படுத்தால் எல்லாம் இடம் மாறிவிடுமாம், நிற்கும்போதுதான் சரியாக வருமாம். நீ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாய். எனக்கு அன்றுதான் என் உடம்பை ஒருவர் வேலையாகப் பார்க்கிறார் என்று நிம்மதியாக இருந்தது.

அதற்கப்புறம் நீ செய்த பணிவிடையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், நான் உன்னைப் போலப் பொய் சொல்கிறவள் இல்லை. இரண்டு பக்கமும் தொங்கிய குழாய்களில் சேரும் ரத்தநீரை முகம் சுளிக்காமல் அளந்து கொட்டினாய். காரில் வீட்டுக்கு வரும்போது நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, வேகத்தடை வரும் முன்னே, "மெதுவாப் போப்பா, உள்ள தையல் கீது!" என்று டிரைவரை அலற வைத்தாய். கையைத் தூக்க முடியாத எனக்குத் தலை வாரினாய், முதுகுக்கு மூன்று தலையணை அடுக்கி மல்லாக்கத் தூங்கப் பழக்கினாய். உன் கை நல்ல கை. எனக்கு வழக்கு உன் வாயோடுதான்.

வீட்டுக்கு வந்து சில நாள் ஆகியிருக்கும். ஜன்னலோரம் சாய்ந்து கிடந்தேன். வெளியே பக்கத்து வீட்டு சரோஜா அக்காவின் குரல்.

"பொண்ணுக்கு இன்னா ஆப்ரேசன்?"

நீ அழுகிற சத்தம் கேட்டது. "மார்ல கட்டிம்மா. கேன்சர்னுட்டாங்க. எடுத்துட்டாங்க. எடுத்தத டெஸ்ட்டுக்கு அனுப்பிச்சிருக்காங்க."

வெட்டி எடுக்கும் எதையும் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கம். அந்த வேலையில் இருப்பவள் நான். நர்ஸ் வழக்கமாகச் சொன்ன அந்த ஒரு வரியைப் பிடித்து நீ ஒரு நோயையே கட்டி எழுப்பிவிட்டாய். உள்ளே வந்ததும் கேட்டேன். தையல் இழுக்க இழுக்கக் கத்தினேன். நீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்:

"கேன்சர்னா யாரும் இன்னா ஏதுன்னு நோண்ட மாட்டாங்க. இதுக்குன்னு சொன்னா தெருவே சிரிக்கும்டி."

அழுதாயே, அடேயப்பா, என்ன ஒரு அழுகை! சினிமாவில் சேர்ந்திருக்கலாம் நீ.

மறுநாளிலிருந்து ஊர்வலம். மாதுளை, கோதுமைப்புல் சாறு, முள்சீத்தா. வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தலைமுடி எப்போது கொட்டும் என்று உச்சியையே பார்த்தார்கள். பரிசோதனை முடிவு வந்தது, ஒன்றுமில்லை என்று. நைனாவிடம் காட்டினேன். "நல்லதும்மா" என்றார். தெருவுக்குச் சொல்ல அவருக்கும் வாயில்லை.

எனக்கு எது ஆறவில்லை தெரியுமா? கட்டு பிரித்த பிறகு ஒருநாள் குளியலறையில் நிமிர்ந்து நின்றேன். ஒரு பக்கம் தையல் கூடும் இடத்தில் புண் இன்னும் ஆறவில்லை, தொட்டால் சில இடம் மரத்திருந்தது, தழும்பு சிவப்பாக அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் கழுத்து லேசாக இருந்தது! என் பாதம் எனக்குத் தெரிந்தது. சந்தோஷம் தாங்காமல், நடமாடலாம் என்று டாக்டரம்மா சொன்னதும் கடைத்தெரு வரை நேராக நடந்து போய் வந்தேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டாய். "அப்டி நெஞ்ச நிமித்திகினு நடக்காத. சீக்குக்காரி மாதிரியா கீது? குனிஞ்சு மெல்ல நட."

குனிந்து நட! உன் பொய்யைக் காப்பாற்ற நான் மறுபடியும் குனிய வேண்டும். இதற்காகவா கத்திக்கு உடம்பைக் கொடுத்தேன்? அன்று உன்னை வெறுத்தேன். வேறு நாகரிகமான சொல் எதுவும் அதற்குப் பொருந்தாது.

சித்திரையில், எனக்குப் பார்த்திருந்த அரக்கோணத்து மாப்பிள்ளை வீட்டார் கல்யாணப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பெண்ணுக்குக் கேன்சராமே என்று கேள்விப்பட்டார்களாம். நீ அப்படியே உட்கார்ந்துவிட்டாய். சிரிப்புக்குப் பயந்தவளுக்கு, நோய்க்கு ஊர் பயப்படும் என்று தோன்றவே இல்லை. அப்போதாவது உண்மையைச் சொல்வாய் என்று பார்த்தேன். நீயோ இன்னொரு வழி கண்டுபிடித்தாய். நேரே மலைக்குப் போய், கூடவே சரோஜா அக்காவையும் இன்னும் நான்கு பேரையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு, என் மகளுக்குக் குணமானால் ஆடிக்கிருத்திகைக்கு அவள் தோளில் புஷ்பக் காவடி எடுப்பாள் என்று முருகனிடம் நேர்ந்துகொண்டு வந்தாய்.

"காவடி எடுத்துட்டன்னா முருகன் கொணமாக்கிட்டாருன்னு ஊரே சொல்லும். அப்புறம் எவனும் பேச மாட்டான். யார் கிட்டயும் போய் நாம ஒண்ணும் சொல்ல வாணாம்" என்றாய், பெரிய சாமர்த்தியம் போல. பொய்யிலிருந்து வெளியே வர நீ வெட்டிய வழியும் பொய். அதில் சாமியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாய். எடுக்கமாட்டேன் என்றேன். எடுப்பாய் என்றாய். கடைசி வரை இதே பேச்சுதான் நமக்குள்.

ஆனி மாதம், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னே முடிந்துவிட்டது. உன் சாவு வீட்டில் ஒவ்வொருத்தியும் என்னைக் கட்டிக்கொண்டு சொன்னது என்ன தெரியுமா? "உன் கவலையிலயே பூட்டாடி மகராசி." உன் சாவையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். பெற்ற தாய்க்கு நான் அன்று சரியாக அழக்கூட இல்லை. அழுதால் ஒப்புக்கொண்டது போல இருந்தது.

துக்க வருஷத்தில் மலை ஏறக் கூடாது என்று அந்த ஆடியில் விட்டுவிட்டார்கள். இந்த வருஷம் உன் திதி முடிந்த கையோடு சரோஜா அக்கா மஞ்சள் புடவையோடு வந்துவிட்டாள். தெருவில் எல்லாரும் சேர்ந்து வாங்கினார்களாம். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எடுத்துவிட்டால் அன்றைக்கே நான் குணமானவள். பழம் வராது, மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். எடுக்காவிட்டால் சாகும் வரை நோயாளி, நாளைக்கு எனக்கு ஒரு தலைவலி வந்தாலும் காவடி எடுக்காததால்தான் என்பார்கள். ஆனால் எடுத்தால், நான் பட்ட வலி, நானே யோசித்து நானே எடுத்த முடிவு, எல்லாம் முருகன் தீர்த்த நோயாகிவிடும்.

"அக்கா, எனக்குக் கேன்சர் வரல. மாரு பெருசா இருந்துச்சு, தாங்க முடியல, சின்னதாக்கிகினேன். அம்மா உங்ககிட்ட பொய் சொன்னாங்க" என்றேன்.

அவள் நம்பினாளா? என் கன்னத்தைத் தடவினாள். "அப்டித்தான் தைரியமா இருக்கணும் கண்ணு" என்றாள். பிறகு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நைனாவைப் பார்த்து, "இன்னாண்ணா, பொண்ணு அம்மா பூட்ட துக்கத்துல என்னென்னமோ பேசுது?" என்றாள்.

நைனா பேப்பரை மடித்தார். மாலை போட்ட உன் படத்தைப் பார்த்தார். வழக்கம்போல எழுந்து உள்ளே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அது சொல்றது நெஜம்மா. கேன்சர் கீன்சர் ஒண்ணுமில்ல" என்றார்.

சரோஜா அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. "அப்போ உங்க ஊட்டம்மா என் தோள்ல சாஞ்சிகினு அப்டி அழுதுச்சே, அது?"

"ஆங், அதுவும் நெஜந்தான்" என்றார் நைனா.

அவள் மஞ்சள் புடவையைச் சுருட்டிக்கொண்டு போனாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கல்யாணம் ஆகாத பெண் மாரை வெட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், தாயும் மகளும் ஊரை ஏமாற்றினார்கள் என்று அசிங்கமாகத்தான் பேசுகிறார்கள். பேசட்டும். நடக்காத ஒன்றுக்கு அவர்கள் பரிதாபப்பட்டதைவிட, நடந்ததற்குத் திட்டுவது எனக்கு மேல். ஆடிக்கிருத்திகை அன்று ரயிலிலிருந்து காவடிகள் அரோகரா போட்டு இறங்கிக்கொண்டிருந்தன. நான் துப்பட்டா இல்லாமல், நேராக, எதிர்ப்பக்கம் நடந்து வேலைக்குப் போனேன்.

பொய் சொன்னதற்கு, குனியச் சொன்னதற்கு, சாமி வரை இழுத்ததற்கு, எல்லாவற்றுக்கும் உன்னைத் திட்டியாகிவிட்டது. ஆனால் நைனா அன்று அப்படிச் சொன்னதிலிருந்து ஒன்று என்னை விடமாட்டேன் என்கிறது. இத்தனை நாள் உன் அழுகையை நடிப்பு என்றே நினைத்திருந்தேன். நிஜம் என்றால், அன்று எதற்கு அழுதாய் நீ? என் உடம்பில் கத்தி பட்டதற்கா? இல்லை, உனக்கும் வலித்ததா, நான் செய்துகொண்டதை உனக்கு யாரும் செய்து தரவில்லை என்றா? நைனாவைக் கேட்டேன், தெரியாது என்கிறார். எனக்கும் தெரியவில்லை. இதை ஒருவர்தான் சொல்ல முடியும். ஊருக்கெல்லாம் அத்தனை பொய் சொன்னவள், எனக்கு இந்த ஒரு நிஜத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா, பாவி!