ஏழு மில்லிமீட்டர்

ஜூன் 11

அன்புள்ள குட்டையனுக்கு,

அக்கா எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் காகிதம். மலைச்சரிவில் விரிசலை அளக்கிற உத்தியோகம் உனக்கு. கீழே குவார்ட்டர்ஸிலிருந்து ஓடுகிற உத்தியோகம் எங்களுக்கு. இந்த மழைக்கு மூன்று முறை சைரன் அடித்தாய். மூன்று முறையும் தையல் மிஷினையும் மகளையும் இழுத்துக்கொண்டு போய்த் திடலில் நனைந்தேன். ஒரு கூழாங்கல்கூட உருளவில்லை.

உன் மாமா நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து கண் அசரும் நேரம் பார்த்துத்தான் உன் விரிசல் வளர்கிறது. "ஒன் தம்பிக்கு என் தூக்கத்து மேல என்ன கோவம்?" என்கிறார். உனக்கு 'புலி வருது' என்று பேர் வேறு வைத்திருக்கிறார்.

நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் சைரன் அடிக்கச் சொல்லி, ஐம்பத்தொரு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டு உங்கள் அலுவலகத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம். எழுதியது நான்தான். கோபித்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

உன்னைத் தூக்கி வளர்த்த பாவத்துக்கு,
அக்கா

ஜூன் 24

அன்பு அக்காவுக்கு,

உன் மனு ஜெயித்துவிட்டது. ஒரே நாளில் ஐந்து மில்லிமீட்டர் விரிந்தால் சைரன் என்று இருந்ததை இனிப் பத்து என்று மாற்றிவிட்டார்கள்.

நிச்சயம் என்று ஒன்று என்னிடம் இல்லை அக்கா. இந்தச் சரிவு யார் காலத்திலும் விழுந்ததில்லை. விழாத ஒன்றை வைத்துக்கொண்டு எப்போது விழும் என்று எப்படிக் கணக்குப் போடுவது? ஐந்தும் குத்துமதிப்பு, பத்தும் குத்துமதிப்பு. உண்மையைச் சொன்னால் எனக்கும் நிம்மதிதான். சைரன் அடித்து ஒன்றும் விழாத நாளில் கீழே இறங்கிவரவே கூச்சமாக இருக்கும்.

மாமாவை இனி நன்றாகத் தூங்கச் சொல்.

குட்டையன்

செப்டம்பர் 2

தம்பிக்கு,

உன் மாமா போய் இருபத்தைந்து நாளாகிறது. அன்று நீ வந்து முகாம் வாசலில் நின்றாய், நான் பேசவில்லை. கோபம் இல்லை. ஒன்றும் தோன்றவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் தோன்றவில்லை. தையல் கடைக்குப் போகிறேன், வருகிறேன். நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்திருக்கிறேன். கடை மேஸ்திரி அதை வாங்கிப் பிரித்தார்.

சரிவு இறங்கிய அன்று காலை அளவு ஏழு என்று கேள்விப்பட்டேன். பழைய கணக்கென்றால் பதினொரு மணிக்கே சைரன் அடித்திருக்கும். மண் வந்தது ஒரு மணிக்கு. நான் கடையில், மகள் பள்ளிக்கூடத்தில். பின்வீட்டுக்காரி கடைக்குக் கிளம்பும்போது அவர் குறட்டை கேட்டதாம்.

ஒன்று மட்டும் சொல். மண் வரும் என்று உனக்கு முன்பே தெரியுமா?

அக்கா

செப்டம்பர் 6

அக்கா,

தெரியாது. ஏழு என்ற அளவைப் பார்த்தேன். அதற்கு முந்தின மாதமும் இரண்டு முறை ஏழு வந்து ஒன்றும் நடக்கவில்லை. நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்தேன். நெஞ்சு படபடத்தது என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்குமோ என்னவோ. படபடக்கவில்லை.

அளவைப் பத்தாக்கியது ஏன் என்று விசாரணையில் என்னைக் கேட்கிறார்கள். மனு கோப்பில் இல்லை. நகல் என்னிடம் இருக்கிறது. கொடுத்தால் என் வேலை பிழைக்கும். ஆனால் அது உன் கையெழுத்து. கொடுக்க மாட்டேன்.

குட்டையன்

செப்டம்பர் 19

தம்பிக்கு,

நானே போய்ச் சொல்லிவிட்டேன். "அந்த மனுவ எழுதுனது நாந்தான் சார்" என்றதும் அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார். "பரவால்ல, எழுதிக்கோங்க" என்றேன். உன் வேலைக்கு ஒன்றும் வராது. சைரன் மறுபடி ஐந்துக்கே என்றார்கள். எனக்குக் குவார்ட்டர்ஸிலேயே மூன்றாம் வரிசையில் வீடு கொடுத்திருக்கிறார்கள், அதே சரிவுக்குக் கீழேதான்.

தெரிந்தும் விட்டுவிட்டாய் என்றால் உன்னைத் திட்டியாவது தீர்த்திருப்பேன். எனக்குத் தெரிந்திருந்தால் என்னையாவது திட்டிக்கொண்டிருப்பேன். யாருக்குமே தெரியாததை யார் தலையில் கட்டுவது? நீ சொன்னதை நம்புகிறேன். நம்பியும், உறையில் உன் எழுத்தைப் பார்த்தாலே பிரிக்கக் கை வருவதில்லை.

ஐந்து வந்தால் சைரன் அடி. மகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். மண் விழாவிட்டாலும் ஓடுகிறேன். கடிதம் மட்டும் இனிப் போடாதே.

அக்கா