கிழட்டு மெஷின் நின்ன அன்னைக்கு

பாப்பாவோட அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முதுகுவலி தேவலையா? எங்கம்மா மாத்திரையை ஒழுங்காப் போடுறாங்களா?

எங்க மின்நிலையத்தைப் பெரிசாக்கப் போறாங்க. புதுசு கட்டி முடியுற வரைக்கும், எண்ணெயிலயும் கேஸ்லயும் ஓடுற இந்தக் கிழட்டு மெஷினை நாங்கதான் எப்படியாவது ஓட்டியாகணுமாம். அதனால இந்த வருஷமும் லீவு இல்லை.

நேத்து அது பொசுக்குன்னு நின்னுடுச்சு. சத்தம் அடங்கின பிறகும் நாங்க பழக்கதோஷத்துல கத்தியே பேசினோம். "என்னய்யா, அடிதடியா?"ன்னு மேனேஜர் ஓடி வந்துட்டார். போன்ல நான் கத்துறதும் அப்படித்தான், கோபம் இல்லை.

இங்கே லைன் சரியில்லை. இனிமே நீயும் கடிதமே போடு.

வேன் வந்துடுச்சு, ஓடணும். போன வாரம் போன்ல பாப்பா ஏதோ சொல்லிச் சிரிச்சாளே, ஒண்ணுமே காதுல விழாம நானும் கூடச் சிரிச்சேன். அவ என்ன சொன்னா?