என் வாய் இப்படித்தான் இருக்கும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். மருமகளுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? எட்டாம் மாதம், மாடிப்படி ஏறி இறங்க விடாதே.

போனில் பேசினால் பாதியிலேயே சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது. இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒரு போட்டோ வைத்திருக்கிறேன், மடக்கிவிடாதே. நானே எடுத்து நானே கழுவியது.

உன் கல்யாண ஆல்பம் வந்த அன்று முதலில் என்னைத்தான் தேடினேன். என் புடவை இருந்தது, மூக்குக் கண்ணாடி இருந்தது, நரை கூட இருந்தது. முகவாதம் வந்து நாலு வருஷமாக இடது ஓரம் தொங்கிக் கிடக்கிற வாய் மட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. ஸ்டுடியோக்காரரைக் கேட்டேன். நீதான் சரிபண்ணச் சொன்னாயாம். உன்னைக் கேட்டால், உனக்காகத்தாம்மா என்றாய். அதையே பெரிதாக்கி உன் ஹாலிலும் மாட்டியிருக்கிறாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரும் கை வைக்க முடியாத ஒரு படத்தை எடுத்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

கதவு ஜன்னல் செய்கிற தச்சரிடம் கேமராப் பெட்டி செய்யச் சொல்லி, முன்னால் ஒரு பழைய லென்ஸைப் பொருத்தினேன். இழுத்தால் நீண்டு தள்ளினால் சுருங்குகிற கறுப்புத் துருத்தியைப் பக்கத்து வீட்டுத் தையல்காரி தைத்துக் கொடுத்தாள். பிலிமுக்கு எங்கேயும் அலையவில்லை. இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே கழுவினவள் நான். அதே எக்ஸ்ரே பிலிம்தான், எட்டுக்குப் பத்து அங்குலம். குளியலறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, மேலே சிவப்பு பல்பு, கீழே படம் கழுவுகிற மருந்து ஊற்றிய மூன்று தட்டு. குளிப்பது அந்த மூன்று தட்டையும் வெளியே எடுத்து வைத்த பிறகுதான்.

இதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? பிலிம் எவ்வளவோ படமும் அவ்வளவுதான். பிலிமைப் போட்டோத் தாளின் மேல் படுக்கவைத்து, கண்ணாடியால் அழுத்தி, பல்பைப் போட்டு அணைக்க வேண்டும். பெரிதாக்க முடியாது, குறைக்க முடியாது. நடுவில் எவனும் புகுந்து என் வாயைத் தூக்கி நிறுத்த முடியாது.

எடுத்தவுடன் வந்துவிடவில்லை. முதல் பிலிமை என் நகமே கீறிவிட்டது. அடுத்ததில், லென்ஸை மூடிவிட்டுத்தான் பிலிமை மறைக்கிற தகட்டை உருவ வேண்டும், நான் மூடாமலே உருவினேன். கரிச்சட்டியாய்க் கறுத்து வந்தது. விடுவேனா? மூன்றாவது முறை தையல்காரியை நாற்காலியில் உட்காரவைத்து, பெட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிகிற உருவத்தைத் துல்லியம் பார்த்தேன். லென்ஸிலிருந்து அவள் மூக்கு நுனி வரை நூல் பிடித்து அளந்தோம். பிறகு அவள் எழுந்துகொள்ள, அதே நூலளவில் என் மூக்கை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். லென்ஸ் மூடியை எடுத்து எட்டு எண்ணி மூடச் சொல்லியிருந்தேன். என் முறைப்பைப் பார்த்துச் சிரிப்பு வந்து ஏழிலேயே மூடிவிட்டாள்.

படம் நன்றாக விழுந்தது. இதுதான் நான் என்று பூரித்துப் போனேன். தையல்காரியோ எடுத்த எடுப்பிலேயே இது நீங்க இல்லையேக்கா, அந்தப் பக்கமில்ல தொங்கும் என்றாள். எக்ஸ்ரே பிலிமில் இரண்டு பக்கமும் மருந்து பூசியிருக்கும், முகம் எது முதுகு எது என்று தெரியாது. நான் புரட்டி வைத்து அச்செடுத்திருக்கிறேன். இடம் வலமாகிவிட்டது. கண்ணாடியில் தினமும் அப்படித்தானே பார்க்கிறேன், அதனால் எனக்குத் தப்பே தெரியவில்லை.

பிலிமைத் திருப்பிப் போட்டு மறுபடி அச்செடுத்தேன். வந்த முகம் எனக்கே புதிது. எதிரில் நிற்பவர்களுக்கு மட்டும் தெரிகிற முகம். அப்படியென்றால் நாலு வருஷமாக நீ பார்த்தது இதைத்தான், இதைப் பார்த்துத்தான் உனக்குக் கூசியிருக்கிறது. மறைப்பானேன், ஈரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்து மறுபடி பார்த்தேன். ஒன்றும் குறைச்சலில்லை. யாருக்கும் அடங்காத ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள். அவளைத்தான் உனக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஹாலில் தொங்குகிற அந்த நேர்வாய்க்காரியை இறக்கிவிட்டு இவளை மாட்டு. மாட்டினால் பிரசவத்துக்கு வருகிறேன். மாட்ட மனசில்லையென்றால் அவளையே கூப்பிட்டுப் பத்தியம் பார்க்கச் சொல்லிக்கொள்.

வந்தால் குழந்தையை முகத்தோடு முகம் ஒட்டித்தான் தூக்குவேன். முத்தம் கொடுக்கும்போது இந்த ஓரத்தில் கொஞ்சம் எச்சில் வழியும், துடைத்துக்கொள்ளலாம். அதற்கு என் வாய் கோணல் என்று தெரியாது. நீ சொல்லிக்கொடுத்துவிடாதே, ராஜா.

தாயும் பிள்ளையும் சுகமாகப் பிரியட்டும். நீ நன்றாக இரு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்