புதுக் கப்பலின் போர்வை

அருமை நண்பனுக்கு,

உனக்கும் ஓர்செட்டாவுக்கும் திருமணம் நன்றாக நடந்ததாம், காவலர் சொன்னார். வெனிஸின் கோயில் மணி இந்தக் கொள்ளைநோய்த் தீவு வரை கேட்டது.

தவக்காலம் தொடங்குவதற்குள் நான் வந்து பெண் கேட்காவிட்டால், அவளை அவள் அப்பா வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார் என்று உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். நாம் இருவரும் தனிமைக்காவல் முடிந்து இங்கிருந்து வெளியேற இரண்டே நாள்தான் இருந்தது. "நடுங்குறியேடா" என்று, அன்று வந்து சேர்ந்த கப்பலின் போர்வை ஒன்றை என் தோளில் போட்டாய்.

காவலர் பார்த்துவிட்டார். "புதுச் சரக்கு மேல பட்டுருச்சில்ல? குவாரந்தேனான்னா நாப்பது நாளுய்யா. மொதல்லேருந்து எண்ணு."

பக்கத்து அறை ஆங்கிலேயன் சிரிக்கிறான். "எங்க ஊர்ல பத்து நாள் அடைச்சு வெச்சாலும் குவாரண்டைன்னுதான் சொல்லுவோம். உங்காளுங்கதான் நாப்பதுலயே நிக்கிறாங்க!" இங்கே நாற்பது என்றால் நாற்பதுதான். அது உனக்கும் தெரியும்.

போர்வை கதகதப்பாகத்தான் இருக்கிறது. அன்று உனக்கு நன்றிகூடச் சொன்னேன். நீ அதைக் கையால் தொடவே இல்லை, கழியால் தூக்கிப் போட்டாய் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

இப்படிக்கு,
இன்னும் தீவில் இருப்பவன்